இடம் மாறி நின்ற இரண்டு இலக்கம்

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில்
பதிவேட்டறைக்கு யன்னல் ஒன்றுதான்.
அதுவும் ஜெனரேற்றரைப் பார்த்தபடி.
ஆள் வீட்டுக்குப் போனபின்
ஆளின் ரிக்கற் என்னிடம் வரும்.
டொக்டர்மாரின் கோழிக்கிறுக்கலை
ஓர் எழுத்தும் சில இலக்கமுமாக்கிக்
கொழும்புக்கு அனுப்புவது என் உத்தியோகம்.

தவயோகன், வயது முப்பத்திநாலு,
காரைநகர் மினிபஸ்ஸில் கொண்டக்டர்.
ரிக்கற் கிழிக்கிற மனிசனுக்கு
எங்கள் றாக்கையில் ஆறு ரிக்கற்.

முதலாவது: நாரி நோ. மூன்று நாள் வார்டில்.
எம் 54.5 என்று போட்டேன்.
இரண்டாவது: நாரி நோ. பாரம் தூக்காமல் படுத்து ஓய்வெடுக்கவும்.
எம் 54.5.
மூன்றாவதில் ஒரு பயிற்சி டொக்டர்
'சின்ன வயதில் பங்கருக்குள் படுத்தவராம்' என்று
காரணமும் கண்டுபிடித்து எழுதியிருந்தார்.
இந்த ஊரில் எந்த நோவுக்கும்
அப்படியொரு விலாசம் கைவசம் இருக்கும்.
எம் 54.5.

எப்போது நோகும் என்று ஒருவரும் கேட்கவில்லை.
படுத்தால் நோகும்.
விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி
முற்றத்தில் நடந்தால் குறையும்.
மிதிபலகையில் தொங்கிக்கொண்டு
பொன்னாலைப் பாலம் தாண்டுகையில் சுகம்.
ஓய்வெடு ஓய்வெடு என்றார்கள்;
ஓய்வுதான் அவரை இறுக்கியது.

நாலாவது, கண் வார்டு.
சிவந்த கண், வெளிச்சக் கூச்சம். எச் 20.0.
மூன்றாவதும் நாலாவதும் ஒரே வருடம்.
இரண்டும் என் கையெழுத்து,
மையும் ஒன்று போலத்தான் கிடக்கிறது.

இரண்டாந்தரம் கண் சிவந்தபோது
டொக்டர் பெனடிக்ரா
விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டாராம்:
"தம்பி, காலமையில நாரி விறைக்கிறதோ?"
பகிடி என்றுதான் முதலில் நினைத்தாராம்.
பிறகு, மிச்சக்காசு எண்ணுவதுபோல
ஒவ்வொன்றாய் எண்ணிச் சொன்னாராம்
ஒன்பது வருடத்தை.

ஆறாவது, வாதநோய்ப் பிரிவு.
முதுகில் பேனையால் இரண்டு கோடு,
இடையில் பத்துச் சென்ரிமீற்றர்.
குனிந்தால் பதினைந்தாக வேண்டும்.
பதினொன்றரையில் நாடா நின்றது.
இரத்தம் கொழும்புக்குப் போய் வந்தது.
எக்ஸ்ரேயில்
இடுப்பெலும்பு பொருந்துமிடத்தில்
இருக்கவேண்டிய கறுப்புக் கோட்டைக் காணவில்லை.
'மூங்கில் முள்ளந்தண்டு, ஆரம்பம்' என்றிருந்தது.
வெள்ளையடிக்கிறவர்களின் ஏணியில் தவிர
நான் மூங்கில் கண்டதில்லை.

எம் 45.7.
ஐம்பத்திநாலு நாற்பத்தைந்தாக,
இரண்டு இலக்கம் இடம் மாறி நிற்க,
ஒன்பது வருடம்.

டொக்டர் எழுதாததை நான் எழுதக்கூடாது.
அது சட்டம், சரியான சட்டம்.
பழையதைத் திருத்தவும் கொம்பியூட்டர் விடாது,
வருடங்கள் பூட்டியாயிற்று.
கொழும்பின் கணக்கில் அவர் இன்னும்
மூன்று நாரி, இரண்டு கண், ஒரு விறைப்பு:
ஆறு ஆள்.

ஊசிக்கான படிவத்துக்குப் பிரதி கேட்டு
ஒருநாள் வந்தார்.
கூப்பிட்டபோது கழுத்தைத் திருப்பவில்லை,
முழு உடம்பையும் திருப்பினார்
கதவொன்று திரும்புவதுபோல.
முதல் பஸ்ஸுக்கு முன்னம்
கசூரினாக் கடலில் நீந்துகிறாராம்.
மூச்சை உள்ளே இழுத்து
நெஞ்சை விரிக்கப் பழகுகிறாராம்.
ஊசி கிடைத்தால் வைக்க
வீட்டில் பிறிஜ் இல்லை.
பக்கத்துக் கூல்பார்க்காரன்
ஐஸ்கிறீமுக்குப் பக்கத்தில் இடம் தருவானாம்,
உறையவிடக்கூடாது என்று மட்டும்
இரண்டுதரம் சொல்லியிருக்கிறாராம்.
"என்ன நம்பர் அக்கா எனக்கு?" என்றார்.
சொன்னேன்.
றூட் நம்பர் போலத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

அதன்பின் எம் 54.5 வந்தால்,
வயது நாற்பதுக்குள் என்றால்,
மஞ்சள் துண்டொன்று ஒட்டி வார்டுக்குத் திருப்புகிறேன்:
'காலையில் விறைப்பு உண்டா?
கண் சிவந்ததுண்டா?'
இதுவரை மூன்று அனுப்பினேன்.
ஒன்றில், 'நன்றி, வரச் சொல்லியிருக்கிறோம்.'
ஒன்று திரும்பவே இல்லை.
ஒன்றில் சிவப்புப் பேனையால்,
'உமது வேலையைப் பாரும்.'

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.